ஊருக்கு ஊர் ருசி வேறு, சத்தும் வேறு



தீபாவளிக்கு லீவு கிடைத்ததும் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறோம். அங்கே கால் வைத்ததும் நாக்கு பழைய ருசியைத் தேடும். பினாங்கில் பிறந்தவருக்கு லக்சா என்றால் கெம்போங் மீனும் புளியும்தான், தேங்காய்ப்பால் கிடையாது. ஸ்ரீ கெம்பாங்கானில் கறி லக்சா கேட்டால் தேங்காய்ப்பால் குழம்பில் மீ மிதந்து வரும். ஜொகூரிலோ ஸ்பகெட்டி போடுவார்கள். பெயர் ஒன்று, பண்டம் மூன்று. "இதெல்லாம் ஒரு லக்சாவா?" என்று சண்டை போடாதீர்கள். அந்தந்த ஊரில் கிடைத்ததை வைத்து அந்தந்த ஊர் சமைத்தது.

இந்த வித்தியாசம் நாக்கோடு முடிகிற விஷயமில்லை. ஒரு காலத்தில் இதில் உயிரே அடங்கியிருந்தது.

ஸ்ரீ கெம்பாங்கானில் இப்போது 'மைன்ஸ்' ஏரி இருக்கும் இடம் முன்பு ஈயச் சுரங்கம். நூறு வருஷத்துக்கு முன்பு நம் நாட்டுச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இருதயம் ஓய்ந்துவிடும். அதே காலத்தில் தோட்டத்துத் தமிழர்களிடம் இந்த நோய் மிகக் குறைவு. காரணம் அரிசி. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. நம்மவர் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

1905-06-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளில் ஒரு கூட்டத்துக்குப் பச்சரிசி, மறு கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் கூட்டத்தில் ஒருவரும் சாகவில்லை.

ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுதும் போகாது. பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது. ஊர்ப் பழக்கம் என்று செய்தார்கள். அது உயிரைக் காத்தது.

இப்போது பெரிபெரி அபூர்வம். நம்மைப் பிடித்திருப்பது சர்க்கரை வியாதி. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்கு 31 பேரிடம் அது இருந்தது. ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

1. ஊர்ச் சாப்பாட்டை ஆசையாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதில் என்ன சேர்கிறது என்று கேளுங்கள். நெகிரி செம்பிலான் 'மாசாக் லெமாக்'கில் தேங்காய்ப்பால் அதிகம். கிளந்தான் சமையலில் இனிப்புத் தூக்கல். ஆனால் அவர்களுடைய நாசி கெராபுவில் பச்சை இலைகளும் காய்களும் சேரும். அதை நிறைய எடுங்கள்.

2. மீ, லக்சா சாப்பிட்டால் குழம்பை முழுதும் குடிக்காதீர்கள். அதில் உப்பு நிறைய இருக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

3. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. கிளினிக்கில் சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' இதுதான். புழுங்கல் அரிசி நல்லது என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

4. உங்களுக்குத்தான் லீவு, மாத்திரைக்கு இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் வெயிலில் நிற்கும் காருக்குள் மருந்தை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் அது கெட்டுவிடும்.

திரும்பி வரும்போது முறுக்கு டின் மட்டும் கொண்டு வராதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் எந்த அரிசி, எந்தக் கீரை, எப்படிச் சமைத்தார்கள் என்று கேட்டு வாருங்கள். பக்கத்து லயத்துக்காரர் வேறு மாதிரி சமைத்தால் முகம் சுளிக்காமல் அவரிடமும் கேளுங்கள். ஒருவர் சமையலிலிருந்து மற்றவர் கற்க நிறைய இருக்கிறது.