அப்வேர்டு போட்டாச்சு, மேலே இடம் கிடைக்குமா? பொறியியல் கலந்தாய்வு: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் நவம்பரிலேயே விண்ணப்பிக்கலாம். டிசம்பரில் சிலருக்கு இடமும் வராது, மறுப்பும் வராது. வசந்தகாலத்தில் சொல்கிறோம் என்று தள்ளி வைப்பார்கள். எங்கள் வாலாஜாபாத் பிள்ளைகளுக்கு அதே தவிப்பு தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் வருகிறது. கையில் ஓர் இடம் இருக்கும், மனசு அதற்கு மேலே இருக்கும் கல்லூரியில் இருக்கும். அந்த மேல் இடம் காலியானால் மாற்றித் தாருங்கள் என்று கேட்பதுதான் அப்வேர்டு. ஒரே வித்தியாசம், அங்கே கடிதம் எழுதலாம், சிபாரிசு சேர்க்கலாம். இங்கே ரேங்க் மட்டும்தான். அதனாலேயே வாய்ப்பு எவ்வளவு என்பதை வீட்டிலேயே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம்.

முதல் படி: கட் ஆஃபும் கம்யூனிட்டி ரேங்கும்

கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு. கணிதத்தில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 90 என்றால் 88 + 41 + 45, ஆக 174. கட் ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல். பொது ரேங்கைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். கம்யூனிட்டி ரேங்கையும் சேர்த்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தனி ரேங்க்.

இரண்டாம் படி: சாய்ஸ் லிஸ்ட்

அப்வேர்டு வாய்ப்பு தீர்மானமாவது இங்கேதான். உங்கள் லிஸ்டில் பத்தாவது இடம் கிடைத்தால், அப்வேர்டு என்பது ஒன்று முதல் ஒன்பது வரைதான். லிஸ்டில் இல்லாத கல்லூரி வராது. பலர் கவனிக்காத இன்னொன்று: மேலே ஓர் இடம் வந்துவிட்டால் கீழே இருந்தது தானாகவே போய்விடும். "சும்மா போட்டு வைப்போம்" என்று மூன்றாவதாக எழுதிய கோயம்புத்தூர்க் கல்லூரி கிடைத்து, ஹாஸ்டல் கட்டணத்துக்கு முழி பிதுங்கும் குடும்பங்கள் உண்டு. வாலாஜாபாத்திலிருந்து குரோம்பேட்டை எம்ஐடிக்கு மின்சார ரயில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி, பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா, தண்டலத்தில் ராஜலட்சுமி. எங்கு போய்வர முடியும் என்பதை ஒருமுறை பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வரிசை போடுங்கள். ஒரகடம் தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே மெக்கானிக்கலை மேலே ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதும் வேலை கிடைப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் படி: எந்தப் பொத்தானை அழுத்துவது

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் ஐந்து வழிகள் தெரியும்: ஏற்றுச் சேர்வது, ஏற்று அப்வேர்டு கேட்பது, மறுத்து அப்வேர்டு கேட்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது. முதல் இரண்டுக்கு நடுவில்தான் பெரும்பாலானோரின் குழப்பம். இருப்பதே போதும் என்றால் முதலாவது. மேலே இருப்பவற்றில் எது வந்தாலும் போவேன் என்றால் இரண்டாவது. மேலே வராவிட்டாலும் கையில் இருப்பது போகாது. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். மேலே வராவிட்டால் இருப்பதும் இல்லை, அடுத்த சுற்றில் மிச்சமிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உறுதி செய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். பதிவு செய்த செல்லுக்கு ஓடிபி வரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பல கம்பெனிகளில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவரின் எண்ணையே கொடுங்கள்.

நான்காம் படி: கணக்கு

தனியார் கல்லூரி ஒன்றில் ஒரு பிரிவில் 60 இடம் என்று வைத்துக்கொள்வோம். சிறுபான்மை நிறுவனம் அல்லாத கல்லூரி 65 சதவீதத்தைக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும்; அது 39. அதில் ஓசி 31 சதவீதம், ஏறக்குறைய 12. பிசி 26.5 சதவீதம், ஏறக்குறைய 10. ஆக அந்தப் பத்தும் நிரம்பியிருந்தால், பிசி ஒதுக்கீட்டில் உங்களுக்குக் கதவு திறப்பது அதில் யாராவது பணம் கட்டாமல் போனாலோ மேலே நகர்ந்தாலோதான். உங்களுக்கு முன்னால் காத்திருப்பவர் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. சென்ற ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, மேலே எழுதிய ஒவ்வொரு கல்லூரிக்கும் உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் கட் ஆஃபைப் பாருங்கள். அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் வித்தியாசம் என்றால் நம்பிக்கை வைக்கலாம். நான்கைந்து குறைந்தால் அந்தக் கல்லூரியை மறந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இடம் ஏன் காலியாகிறது? ஜேஇஇ மூலம் என்ஐடிக்குப் போகிறவர்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள். ஆனால் உங்கள் சுற்றின் கெடுவுக்குள் காலியாகும் இடம்தான் உங்கள் கணக்கில் வரும். எம்பிபிஎஸ் கிடைத்து ஒருவர் பிறகு விலகினால் அது உங்களுக்கு உதவாது.

ஐந்தாம் படி: பணமும் சான்றிதழும்

ஏற்றுச் சேர்பவர் நேராகக் கல்லூரிக்குப் போக வேண்டும். அப்வேர்டு கேட்டவர் கலந்தாய்வுச் சேவை மையத்தில் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். மாதக் கடைசியாக இருந்தால் பணத்தை முன்கூட்டியே புரட்டி வையுங்கள். நாள் தவறினால் இடம் போய்விடும். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வையுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

காத்திருக்கும் நாட்களில்

ஏஜென்ட் ஒருவர் போன் செய்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரே ஒரு சீட் இருக்கிறது, இன்றே முன்பணம் கட்டுங்கள் என்பார். அப்வேர்டு முடிவு வரும்வரை கட்டாதீர்கள். எங்கேயாவது ஏற்கெனவே கட்டிவிட்டு விலகினால், ஏஐசிடிஇ குறிக்கும் தேதிக்குள் விலகல் கடிதம் கொடுங்கள். 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைக்கக் கூடாது என்பது அதன் விதி. கடிதத்தின் நகலில் கல்லூரி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.