மலையகத் தமிழரின் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் (1948 – 2003)

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு, குடியியற் கல்வி

அறிமுகம்

மாணவர்களே, "பிரசாவுரிமை", "வாக்குரிமை" என்னும் இரு சொற்களையும் ஒன்றாகக் கருதிப் பலர் விடை எழுதுகின்றனர். இவை இரண்டும் வேறானவை. ஒரு நாட்டின் உறுப்பினர் எனச் சட்டம் ஏற்றுக்கொள்வது பிரசாவுரிமை. ஆள்வோரைத் தெரிவு செய்யும் உரிமை வாக்குரிமை. மலையக மக்கள் முதலில் ஒன்றை இழந்தனர். அதன் காரணமாக மற்றதையும் இழந்தனர். அவ்விரண்டும் அனைவருக்கும் முழுமையாகத் திரும்பக் கிடைக்க 55 ஆண்டுகள் சென்றன. இப்பாடம் நம் தாத்தா பாட்டிமாரின் வரலாறு ஆகையால் மனனம் செய்தால் மட்டும் போதாது, விளங்கிப் படித்தல் வேண்டும்.

1. பின்னணி

• பிரித்தானியர் காலத்தில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்.
• 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் மூலம் 21 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. இந்திய வம்சாவளியினர் அதனைப் பெறுவதற்கு வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.
• 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இதுவே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று.
• 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். இது மொத்தச் சனத்தொகையில் 11.7 சதவீதமாகும்.
• 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, பதுளையில் எஸ். எம். சுப்பையா முதலியோர் வெற்றி பெற்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கு உதவின.

இறுதியாகக் கூறிய விடயத்தை நன்கு கவனியுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாக்கும் தோட்டத் துரையின் வாக்கும் பெட்டியில் சம பெறுமதி உடையவை. லயன் அறையில் வாழ்ந்த மக்களிடம் காணியோ பணமோ இருக்கவில்லை. அவர்களிடம் இருந்த ஒரே பலம் எண்ணிக்கை. அந்தப் பலத்தை வாக்குரிமையே அரசியல் பலமாக மாற்றியது.

2. உரிமையைப் பறித்த மூன்று சட்டங்கள்

(அ) 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம்: இது 1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும்.

(ஆ) 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம்: பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற இது வழிசெய்தது. 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் திருமணமானோர் 7 ஆண்டுகளும் திருமணமாகாதோர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக வசித்தமையை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பங்களில் அடங்கினர். ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது.

(இ) 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டம்: பிரசைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்றது. இதனால் பிரசாவுரிமை அற்றோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின.

இச்சட்டங்களை அன்றைய பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம் நிறைவேற்றியது. 1948 சட்டம் தகுதியைக் கூறும்போது எந்த இனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. அப்படியாயின் அது எவ்வாறு ஒரு சமூகத்தை மட்டும் பாதித்தது? தந்தையின் பிறப்பை நிரூபிக்கப் பத்திரம் தேவை. எழுத்தறிவு குறைந்த, தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய, பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போய்வந்த குடும்பங்களிடம் அப்பத்திரம் இருக்கவில்லை. பத்திரம் இல்லாதவர் நாடற்றவர் ஆனார்.

3. விளைவுகள்

• 1952 பொதுத் தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதித்துவம் இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு சத்தியாக்கிரகம் நடைபெற்றது.
• இப்பிரச்சினை தொடர்பாகத் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டது. 1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி உருவாயிற்று.
• தொகுதிகளை வகுக்கையில் சனத்தொகை கணக்கிடப்பட்டது. அதில் நாடற்றோரும் எண்ணப்பட்டனர். ஆகவே அவர்களின் தொகையால் மலைநாட்டுக்குத் தொகுதிகள் கிடைத்தன. ஆயினும் அங்கு வாக்களித்தோர் ஏனையோரே.
• 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் 975,000 பேர் எனக் கொள்ளப்பட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 150,000 பேர் 1974 உடன்படிக்கையின்படி சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர்.

இந்த எண்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருந்தன. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை எனப் பிரிந்தவர்கள் பலர். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தவர் "ஒப்பாரிக் கோச்சி" என்றனர். 1981 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 5.5 சதவீதமாகக் குறைந்திருந்தனர்.

4. அமெரிக்காவுடன் ஓர் ஒப்பீடு

1787 இல் ஆக்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க அடிமைகள் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டனர், வாக்குரிமை வழங்கப்படவில்லை. 1865 இல் அடிமை முறை ஒழிந்தது. 1870 இன் 15 ஆவது திருத்தம் நிறத்தின் பேரால் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. ஆயினும் தென் மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனை, தேர்தல் வரி என்பவற்றை விதித்துக் கறுப்பினத்தவரைத் தடுத்தன. இச்சட்டங்களிலும் நிறத்தின் பெயர் இல்லை. 1955 இல் ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து மொன்ட்கொமரியில் நடந்த பஸ் பகிஷ்கரிப்பு, மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அறவழிப் போராட்டங்கள் என்பவற்றின் பின்னர் 1965 ஆகஸ்ட் 6 இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

ஒற்றுமை: இரு நாடுகளிலும் மக்கள் தலைக்கணக்கில் சேர்க்கப்பட்டனர், வாக்குக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.
வேற்றுமை: அங்கு 1868 இன் 14 ஆவது திருத்தத்தின் பின்னர் பிரசைகளாக இருந்தும் வாக்களிக்க விடவில்லை. இங்கு பிரசாவுரிமையே இல்லாமற் செய்யப்பட்டது.

5. உரிமை மீண்ட வழி

• 1977 – நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு அமைச்சரானார்.
• 1986 – தோட்டத் தொழிலாளரின் பிரார்த்தனைப் போராட்டம். நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது.
• 1988 – 39 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம்.
• 2003 – 35 ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தில் சமத்துவம் வந்தவுடன் வாழ்வில் சமத்துவம் வந்துவிடுவதில்லை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது 2018 இலேயே திருத்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோது, காணியும் வீடும் சொந்தமில்லாத வாழ்வின் ஆபத்தை நாடே கண்டது. வாக்கு இல்லாத காலத்தில் தேங்கிய குறைகளைத் தீர்க்க, வாக்கு கிடைத்த பின்னரும் நீண்ட காலம் எடுக்கிறது.

மாணவர் விடும் தவறுகள்

1. "1948 சட்டம் வாக்குரிமையைப் பறித்தது" என எழுதுதல். சரியான விடை: 1948 இல் பிரசாவுரிமை, 1949 இல் வாக்குரிமை.
2. ஒப்பந்தத்தின் எண்களை மாற்றி எழுதுதல். 525 + 300 + 150 = 975 (ஆயிரத்தில்) எனக் கூட்டிப் பாருங்கள்.
3. "விளைவுகள்" என்ற வினாவுக்குச் சட்டங்களின் பெயர்களை மட்டும் எழுதுதல்.

பயிற்சி வினாக்கள்

(i) வம்சாவளிப் பிரசாவுரிமைக்கான நிபந்தனைகளைக் குறிப்பிடுக.
(ii) வாக்குரிமை இழப்பினால் ஏற்பட்ட அரசியல் விளைவுகள் மூன்றினை விளக்குக.
(iii) "சட்டத்தின் சொற்களில் பாகுபாடு இல்லாதபோதும் அதன் பயனில் பாகுபாடு இருக்கலாம்." இலங்கை, அமெரிக்க உதாரணங்கள் கொண்டு ஆராய்க.

செயற்பாடு: உங்கள் வீட்டில் பழைய பிரசாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் எடுத்து அதன் ஆண்டைப் பாருங்கள். அது மேற்கூறிய எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என எழுதுங்கள். பின்னர் பத்திரமாக வைத்துவிடுங்கள். அதனைப் பெறப் பெரியவர்கள் பட்ட பாட்டை இப்போது அறிவீர்கள்.