ஓடும்போது மயங்கி விழும் பிள்ளை

சூலக்கரை வட்டாரத் தம்பதியரே!

நன்றாக இருந்த இளவட்டம் திடீரென்று செத்தால் "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்பார்கள். இவற்றில் பல, பரம்பரையாக வரும் இருதயக் கோளாறுகளே.

இருதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபுக் குறை நம்மவரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக, மதுரை காமராசர் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2009-இல் சொன்னது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தால் நடுவயதுவரை தொந்தரவு தெரியாமலே போகலாம். இருவரிடமிருந்தும் வந்தால் சிறுவயதிலேயே ஆபத்து. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடித்தால் அந்த வாய்ப்பு கூடும். முடித்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், குடும்பத்தில் விசாரியுங்கள்.

இங்கிலாந்தில் 1995-இல் தொடங்கிய 'கார்டியாக் ரிஸ்க் இன் தி யங்' என்னும் தர்ம ஸ்தாபனம் 14 முதல் 35 வயதுக்காரர்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறது. ஈ.சி.ஜி. நமக்கும் எட்டாததல்ல. உங்கள் வம்சத்தில் நாற்பதுக்குள் திடீரென இறந்தவர் உண்டா? பிள்ளை ஓடும்போது மயங்கி விழுகிறதா? வேலைக்குப் போற பையன் விழுந்தால் "பட்டாசு ஆபீஸ் வெக்கை" என்று விட்டுவிடுகிறீர்களா? விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கூடப்பிறந்தவர்களையும் காட்டுங்கள்.

விழுந்தவருக்குப் பேச்சு மூச்சு இல்லையென்றால் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துப் பயனில்லை. ஒருவர் 108-க்குக் கூப்பிட, இன்னொருவர் நடுநெஞ்சில் இரு கையாலும் நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் வண்டி வரும்வரை அழுத்துங்கள்.