நிறுத்தி மூணு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே!

மருந்துக்கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு. மாத்திரையை நிறுத்தி மூணு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே!" சொல்பவர் பொய் சொல்லவில்லை. அன்று அளந்து பார்த்தாலும் 130/80 என்றே காட்டக்கூடும். ஏமாற்றுவது அந்த மூன்று நாள்தான்.

பலரும் போடும் அம்லோடிபின் மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகும் சில நாள் அது ரத்தக்குழாய்களைத் தளர்த்தியே வைத்திருக்கும். மருந்து வடிய வடிய அழுத்தம் மெல்ல ஏறும். நார்மல் என்று மகிழ்ந்த அந்த அளவே மாத்திரை தந்ததுதான்.

எல்லா மாத்திரையும் இப்படி நிதானமாக விலகுவதில்லை. குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறலாம். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கலாம். ஏற்கெனவே இதய நோய் இருந்தால் மாரடைப்பு வரை போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் இவற்றைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

"ஏறினா பிடரி வலிக்கும், அப்போ போட்டுக்கலாம்" என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1941-லேயே 188/105 இருந்தது. அதற்குப் பிறகும் உலகப் போரையே நடத்திக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று, ஓவியத்துக்காக உட்கார்ந்திருந்தவர் பின்னந்தலை கடுமையாக வலிக்கிறது என்றார்; நினைவிழந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்தார். அந்தக் காலத்தில் நல்ல மாத்திரை கிடையாது. இன்று அட்டை அட்டையாகக் கையில் இருக்கிறது.

அப்படியானால் ஆயுளுக்கும் விடுதலையே இல்லையா? சிலருக்கு உண்டு. எடை குறைந்து, உப்பும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் அடங்கினால் மருத்துவர் அளவைக் குறைப்பார். சிலருக்கு நிறுத்தியும் பார்ப்பார். பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கச் சொல்வார்.

நிறுத்துகிறவர்கள் எல்லோரும் நம்பிக்கையால் நிறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் பலருக்கு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அட்டையில் நாலைந்து மிஞ்சும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைக்கலாம்.