இல்லத்து வழங்கி

உணவு விடுதியில் இலையின்முன் வந்து நின்று, வேண்டுவது யாதெனக் கேட்டுக் கொணர்ந்து வைப்பவரைத் தமிழ்நாட்டு மக்கள் சர்வர் என்றே அழைப்பர். கணினி உலகிலும் அப்பெயர் ஏறத்தாழ அப்பொருளிலேயே வழங்குகின்றது. பிற கணினிகள் கேட்கும் கோப்பு, படம், பாட்டு முதலியவற்றை எடுத்தளிக்கும் கணினியைச் சர்வர் என்பர்; தமிழில் அது வழங்கி எனப்படும். உண்ண வருவோர் பலராயினும் சமையற்கட்டு ஒன்றே. அதுபோல, ஒரு வீட்டிலுள்ள கைபேசிகளும் மடிக்கணினிகளும் பலவாயினும், அவற்றிற்கு வேண்டுவன வழங்கும் இடம் ஒன்றாக அமையலாம். அதுவே இல்லத்து வழங்கி.

இதன் தேவை யாது? பாட்டியின் எண்பதாம் பிறந்தநாட் படங்கள் தந்தையின் கைபேசியில் இருக்கும். வீட்டுப் பத்திரத்தின் படி தாயின் மடிக்கணினியில் இருக்கும். கைபேசி நீரில் விழுந்த அன்று, பாட்டியின் முகமும் அதனோடு போய்விடும். பெரிய நிறுவனங்கள் இவற்றைத் தம் கணினிகளில் வைத்துக் காக்கின்றன என்பது உண்மையே. ஆயினும், அளவு மிகுந்தால் மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். கணக்கு முடங்கினால் தம் பொருளைத் தாமே காண இயலாது. தம் வீட்டுப் பொருளைத் தம் வீட்டிலும் வைத்துக்கொள்ள விரும்புவோர் இல்லத்து வழங்கியை நாடுகின்றனர்.

இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. பரணில் ஏற்றிய பழைய கணினியே பழகுவதற்குப் போதும். மின்செலவை மட்டும் கருதுதல் நன்று. 50 வாட்டு ஈர்க்கும் மேசைக் கணினி ஓராண்டு ஓய்வின்றி ஓடின் 438 யூனிட் செலவாகும். 8 வாட்டு ஈர்க்கும் சிறு கணினிக்கு 70 யூனிட்டே ஆகும். பழைய மடிக்கணினிக்கு ஒரு சிறப்பு உண்டு: மின்தடை நேர்ந்தால் அதன் மின்கலமே சிறிது பொழுது தாங்கும். மின்கலம் உப்பியிருப்பின் அதனை எடுத்தாளுதல் தீது.

இத்தகைய வழங்கிகளை இயக்குதற்குப் பெரிதும் பயன்படுவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். 1991-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் அதன் கருப்பகுதியை எழுதத் தொடங்கினார். தம் முயற்சி பொழுதுபோக்கே என்றும், பெரிதாக வளராதென்றும் அவ்வாண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் அடக்கத்துடன் பிறர்க்கு அறிவித்தார். அவர் கணினியில் மினிக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளமும் இருந்தது. ஒருநாள் தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியை அழைக்க முற்பட்டவர், மோடத்தின் பெயர் தரவேண்டிய இடத்தில் வன்தட்டின் பெயரைத் தந்துவிட்டார். அழைப்புக்குரிய எழுத்துகள் வன்தட்டின்மேற் பதிந்தன. மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்தது. அதனை மீண்டும் நிறுவாமல், இனி லினக்ஸே அமையும் எனத் துணிந்தார் அவர். 1992-இல் அதனை யாவரும் பெறவும் திருத்தவும் பிறர்க்கு ஈயவும் உரிமை தரும் உரிமத்தின்கீழ் அமைத்தார். 1983 முதல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி வளர்த்த குனூ முயற்சியின் கருவிகளும் அதனோடு இணைந்தன. இவ்வாறு இணைந்தவற்றை ஒழுங்குபடுத்தித் தருவனவே டெபியன், உபுண்டு முதலிய தொகுப்புகள். தொடங்குவோர் இவ்விரண்டில் ஒன்றைக் கொள்ளலாம்.

நிறுவுதல் எளிது. தொகுப்பைப் பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து எழுப்பினால், அதுவே ஒவ்வொன்றாக வினவிச் செல்லும். ஆனால், எந்த வன்தட்டை அழித்து நிறுவலாம் என வினவும் இடத்தில் கை விரைதல் கூடாது. ஆக்கியோனுக்கே நேர்ந்த பிழை அன்றோ! வேண்டிய கோப்புகளுள்ள வட்டுகளை முன்னரே கழற்றி வைத்தல் அறிவுடைமை.

வழங்கிக்குத் திரையும் விசைப்பலகையும் நாளும் வேண்டுவதில்லை. வேறொரு கணினியிலிருந்து எழுத்தாற் கட்டளை இட்டே அதனை ஆளலாம். இங்கேதான் புதியவர் அஞ்சுவர். அச்சத்திற்குச் சிறிது காரணமும் உண்டு. ஆர்எம் என்னும் கட்டளை நீக்கிய கோப்பு குப்பைக்கூடைக்குப் போவதில்லை, போனது போனதே. சுடோ என்னும் சொல்லை முன்னிட்டால் தலைமை உரிமையோடு கட்டளை நிறைவேறும். ஆதலின், எங்கோ கண்ட கட்டளையைப் பொருளறியாது படியெடுத்து இடுதல் தகாது. மேன் என்று எழுதி, அதனையடுத்துக் கட்டளையின் பெயரையும் எழுதினால், அதன் விளக்கம் திரையிலேயே விரியும். இவ்வளவு அருகில் ஆசிரியர் இருப்பதை அறியாது பலர் இடர்ப்படுகின்றனர்.

தொலைவிலிருந்து கட்டளையிடப் பயன்படுவது எஸ்எஸ்எச் என்னும் முறை. முற்காலத்தில் இதற்கு டெல்நெட் வழங்கியது. அதில் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டைபோல் வழியிலுள்ளோர் படிக்குமாறு சென்றது. 1995-இல் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் எவரோ அவ்வாறு கடவுச்சொற்களைக் களவாடினர். அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யெலோனன் அதுகண்டு, செய்தி முழுதையும் மறைக்குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் முறையை அவ்வாண்டே ஆக்கினார். கோப்பு மாற்றும் எஃப்டிபி முறைக்கு 21-ஆம் வாயிலும், டெல்நெட்டுக்கு 23-ஆம் வாயிலும் உரியனவாக இருந்தன. இடையில் வெற்றாயிருந்த 22-ஐ அவர் கேட்டுப் பெற்றார். இன்றும் அவ்வெண்ணே வழக்கில் உள்ளது.

அவ்வாயில் வீட்டிற்குள் மட்டும் திறந்திருத்தல் வேண்டும். இணையத்தையும் வீட்டையும் இணைக்கும் ரவுட்டர், வெளியிலிருந்து வருவோரை இயல்பாகவே தடுக்கின்றது. வெளியூரிலிருந்தும் படங்களைக் காணலாமே என்னும் ஆசையால் முதல் வாரத்திலேயே அத்தடையை நீக்குவோர் உளர். உலகெங்குமுள்ள தானியங்கி நிரல்கள் திறந்த வாயில்களை ஓயாது தட்டிக்கொண்டே இருக்கின்றன. எளிய கடவுச்சொல் அவற்றின்முன் நில்லாது. புதியவர் சில திங்களேனும் வீட்டெல்லைக்குள் பழகுதல் நன்று.

வீட்டாரெல்லாம் ஒரே உறையைத் திறந்து கோப்புகளை இடவும் எடுக்கவும் சம்பா என்னும் மென்பொருள் உதவும். ஆஸ்திரேலியராகிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது அது. எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் முறையே வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி அவர் அப்பெயரைக் கண்டெடுத்தார். ஆடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதற்பணியாக இவ்வொன்றை அமைத்து, வீட்டார் ஒரு மாதம் தடையின்றிப் பயன்படுத்தக் கண்டபின் வேறு பணிகளைச் சேர்க்கலாம்.

எல்லாம் அமைந்தபின் எழும் பெரும் மயக்கம் ஒன்றுண்டு. இரு வன்தட்டுகளில் ஒருங்கே எழுதும் ரெய்டு முறையை அமைத்துவிட்டு, இனி இழப்பில்லை என உறங்குவர். ஒரு தட்டு பழுதுற்றால் மற்றது காக்கும், மெய்தான். ஆனால், கைதவறி ஒரு படத்தை நீக்கினால் இரண்டிலும் அந்நொடியே அது மறையும். எனவே மூன்று படிகள் இருத்தல் வேண்டும் என்பர் வல்லுநர்: அவை இருவகைச் சாதனங்களில் அமைய வேண்டும், அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருத்தல் வேண்டும். அத்தை வீட்டு அலமாரியில் துணி சுற்றி வைத்த ஒரு வன்தட்டு இதற்குப் போதும். திங்கள்தோறும் அதனைக் கொணர்ந்து புதியன சேர்த்து, அதிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். பாட்டியின் முகம் திரையில் தெளிவாகத் தோன்றினால், தட்டைக் கழற்றி மீண்டும் அத்தை வீட்டிற்கு அனுப்பலாம்.