வெம்மையின் வேர்

நுழையும்முன்

மொழிப்பாடத்தில் பொறியைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என மாணவர் வினவலாம். ஒரு பழுது எப்போது தோன்றியது, எந்நிலையில் மிகுந்தது, எதனால் தணிந்தது என்பவற்றைப் பிறழாமல் சொல்லத் தெரிவதும் மொழித்திறனே. பட்டறையில் அத்திறனுக்கு விலை உண்டு.

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர்; கிழக்கே கரிசல் நிலமும் கண்மாய்களும். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளவும், மாந்தோப்பில் வாய்க்கால் வெட்டவும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டவும் மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும். மக்கள் அதனை 'ஜேசிபி' என்பர். நாளிதழ்கள் 'பொக்லைன்' என்றும் எழுதும். முன்னது, 1945ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிறுவனம் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயர்ச்சுருக்கம். பின்னது, பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். சிறப்புப்பெயர் பொதுப்பெயராக மாறி வழங்குவதற்கு இவ்விரண்டினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

புதிய இயந்திரத்தின் விலை பல இலட்சம். ஆதலின், பிறரிடம் ஓட்டுநராகப் பணிபுரிந்து சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் இளைஞர் பெரும்பாலும் பழைய இயந்திரத்தையே நாடுகிறார். வீட்டு நகை அடகுக்குப் போகும். நிதி நிறுவனத்தில் மாதத் தவணையும் ஏறும். இயந்திரம் ஓடினால்தான் தவணை கட்டலாம். வாங்கிய மூன்றாம் மாதத்தில் பொறி கொதித்து நின்றுவிட்டால், பழுதுபார்க்கும் செலவும் வருவாய் இழப்பும் ஒருங்கே வந்து சேரும். எனவே, வாங்குமுன் அறிய வேண்டியவற்றுள் தலையாயது பொறியின் வெப்பநிலை.

வெப்பம் எங்கே போகிறது?

டீசல் எரியும்போது உருளைக்குள் வளிமத்தின் வெப்பநிலை சில கணங்கள் 2000 டிகிரி செல்சியசையும் தாண்டும். உள்ளே இயங்கும் பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பொறி உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதனைச் சுற்றி ஓடும் குளிர்நீர்மம். எரிபொருளின் ஆற்றலில் ஒரு பகுதியே வேலையாகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு புகையோடு வெளியேற, மற்றொரு பெரும்பங்கைக் குளிர்நீர்மம் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடும். முள் காட்டுவது நோயின் குறியை மட்டுமே. நோய்முதல் வேறெங்கோ இருக்கும். 'மருந்து' அதிகாரத்தைப் பயின்ற மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

தெரிந்து தெளிவோம்

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் நீர் கொதித்து ஆவியாகி வீணாயிற்று. அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1901ஆம் ஆண்டின் மெர்சிடஸ் வண்டிக்கு வில்கெல்ம் மேபாக் தேன்கூட்டு வடிவ ரேடியேட்டரை அமைத்தார். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்களின் வழியே காற்று பாய்ந்ததால், குறைந்த நீரைக் கொண்டே பொறியைக் குளிர்விக்க முடிந்தது.

எப்போது சூடாகிறது?

தேர்ந்த மெக்கானிக் முதலில் திருகுகோலை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். இயக்கிய சில நிமிடங்களிலேயே சூடேறினால், நீர்மம் குறைந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். ஒரு மணிநேரம் மண் அள்ளிய பின்னரே சூடேறினால், காற்றோ நீர்மமோ தடைபட்டுப் போதிய அளவில் பாயவில்லை எனக் கொள்ளலாம். சாலையில் விரைந்து ஓடும்போது மட்டும் சூடேறினால், பம்பு உறிஞ்சும் விசையில் கீழ்க்குழாய் உள்ளொடுங்கி வழியை அடைக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சிலவேளைகளில் பொறியில் குறையே இராது. வெப்பமானி பொய் சொல்லும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் இந்த ஐயம் ஒரு நொடியில் தீரும்.

அடுத்த விதி, செலவு குறைந்ததையும் வெளியே தெரிவதையும் முதலில் ஆராய்தல். விசிறிப்பட்டை தளர்ந்துள்ளதா? விசிறியின் இதழ் உடைந்துள்ளதா? ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே தூசி அடைந்துள்ளதா? கரிசல் மண்ணின் தூசி மிக நுண்ணியது. எண்ணெய்க் கசிவோடு சேர்ந்தால் சாந்துபோல் இறுகிவிடும். பஞ்சாலைகள் மிகுந்த இராசபாளையப் பகுதியில் பஞ்சிழைகளும் அதனோடு படியக்கூடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மண்வாரி இயந்திரத்தில் ரேடியேட்டருக்கு அடுத்தாற்போல் ஹைட்ராலிக் எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பும் இருக்கும். முன்புறம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று தோன்றும். இரண்டுக்கும் நடுவிலோ அழுக்கு கம்பளியாய்ப் படர்ந்திருக்கும். விளக்கொளியை ஒருபுறம் காட்டி மறுபுறமிருந்து நோக்கினால் உண்மை வெளிப்படும்.

உட்புற அடைப்புக்குப் பெருங்காரணம் உப்புநீர். குளிர்நீர்மத்துக்குக் காசு செலவிடத் தயங்கி, அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரையே பலர் ஊற்றுகின்றனர். கடினநீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டு படிகிறது என்பதை வேதியியலில் படித்திருப்பீர்கள். இப்படிவின் வெப்பங்கடத்தும் திறன், இரும்பின் திறனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. தேநீர்க்கடை வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தைப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டா. ரேடியேட்டரின் பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிவரும்போது, நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் தென்பட்டால் அங்குள்ள குழாய்கள் அடைபட்டுள்ளன என்பது பொருள்.

மறைக்கப்படும் பழுது

புதுவண்ணம் பூசிய பழைய இயந்திரத்தைக் கண்டால் ஐயம் கொள்வதே முறை. வண்ணத்தினும் தீயது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிதல். ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும் இச்சிறு கதவை நீக்கிவிட்டால் பொறி மெதுவாகச் சூடேறும். விலைபேசும் அரைமணி நேரத்துக்கு முள் அடங்கியே நிற்கும். ஆயின் குளிர்ந்த நிலையிலேயே உழைக்கும் பொறி தேயும். எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். சிலவகைப் பொறிகளில் தெர்மோஸ்டாட் இல்லாதபோது நீர்மத்தின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிவரும். கடும் உழைப்பில் சூடு முன்னினும் மிகும். இதனைச் சிக்கனம் என்று கூறுவோர் உளர். ஏமாற்று என்பதே பொருத்தமான சொல்.

ஆகவே, விடியற்காலையில் முன்னறிவிப்பின்றிச் செல்வது நன்று. பொறியைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால், வாங்க வருபவர்க்காக முன்னரே இயக்கிவைத்துள்ளனர் என ஊகிக்கலாம். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இயக்கும்போது குமிழிகள் ஓயாது வந்தால், எரிவளி நீர்மத்துள் கசிகிறது என்று அறியலாம். எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால்விட்ட காப்பியின் நிறத்தில் இருந்தால், நீர் அதனுள் கலந்துவிட்டது. இவ்விரண்டில் ஒன்றைக் கண்டாலும் ஹெட்டைக் கழற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். விற்பவர் இசையாவிடின் திரும்பிவிடலாம். அதன்பின் இரண்டு மணிநேரம் கடினமண்ணில் தோண்டச் செய்து முள்ளைக் கவனிக்க வேண்டும். வெறும் தரையில் ஓட்டிக்காட்டுவது சோதனை ஆகாது.

ஓர் எச்சரிக்கை. சூடான பொறியின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மூடியின் அழுத்தத்தால்தான் உள்ளிருக்கும் நீர்மம் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே அழுத்தம் நீங்கிப் பொங்கி முகத்தில் பீறிடும். கொதித்த பொறியில் தண்ணீரை ஊற்றுவதும் பிழை. சூடேறிய வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்து வெடிப்புறக்கூடும். பாரத்தை நீக்கி, இயந்திரத்தை நிறுத்திப் பொறுத்திருப்பதே வழி. அவ்வளவு நேரம் வேலை நிற்குமே என்று நிலத்துக்காரர் முணுமுணுக்கலாம், முணுமுணுக்கட்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் வழங்கும் பொறியியல் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் நிறுவனப் பெயரிலிருந்து பிறந்தவற்றைத் தனியே எழுதுக.

பழுதான மிதிவண்டியையோ நீர் இறைக்கும் மோட்டாரையோ பழுதுபார்ப்பவருக்கு விளக்குவதுபோல், பழுது தோன்றிய நேரமும் நிலையும் தெளிவுற ஒரு பத்தி எழுதுக.