ஹன்ழலா (ரலி) ஏன் அழுதார்கள்?



“தொழுகையில் நிற்கிறேன், மனசு கடைக் கணக்கில் நிற்கிறது. நானெல்லாம் ஒரு முஸ்லிமா?” என்று உள்ளுக்குள் புழுங்குபவர்கள் நம்மில் பலர். இதே கவலை ஒரு நபித்தோழருக்கும் வந்தது.

நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவர் ஹன்ழலா (ரலி). ஒருநாள் அழுதபடி வந்த அவர்களிடம் அபூபக்ர் (ரலி) அவர்கள் காரணம் கேட்டார்கள். தாம் நயவஞ்சகனாகிவிட்டதாக ஹன்ழலா சொன்னார்கள். நபியவர்களின் சபையில் சொர்க்கமும் நரகமும் கண்ணெதிரே தெரிவதுபோல் இருக்கிறது; வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், சொத்து என்று ஆனதும் பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்பதே அவர்களின் கவலை. தமக்கும் அப்படித்தான் என்றார்கள் அபூபக்ர் (ரலி). இருவரும் நபியவர்களிடம் போனார்கள்.

நபியவர்கள் கண்டிக்கவில்லை. எப்போதும் அதே நிலையில் இருந்தால் வானவர்களே வந்து உங்களுடன் கைகுலுக்குவார்கள் என்றும், மனிதனுக்கு ஒரு நேரம் அப்படியும் ஒரு நேரம் இப்படியும்தான் என்றும் ஆறுதல் சொன்னார்கள். முஸ்லிம், திர்மிதீ தொகுப்புகளில் இச்செய்தி இருக்கிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். தன் உள்ளத்தைக் கவனிப்பது ஈமானின் அடையாளம். கவனம் சிதறியதற்காகத் தன்னையே வெறுப்பது ஈமான் கேட்கும் காரியம் அல்ல. பாவத்துக்கு இது அனுமதிச் சீட்டும் அல்ல. தவறு செய்தால் தவ்பா உண்டு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-இல் பக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் பெரும் பதவியை விட்டு வெளியேறினார்கள். கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தன் நிய்யத்தைச் சோதித்ததே அதற்குக் காரணம். ‘இஹ்யா’ நூலில் அவர்கள் நஃப்ஸை வியாபாரக் கூட்டாளிக்கு ஒப்பிடுகிறார்கள். காலையில் அதனிடம் நிபந்தனை பேச வேண்டும், பகலில் கண்காணிக்க வேண்டும், இரவில் கணக்குப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குப் பார்ப்பதுதான் முஹாஸபா. கடை நடத்துபவர்களுக்கு இது எளிதில் புரியும். கணக்கில் குறை தெரிந்தால் திருத்துவோமே தவிர, கடையைக் கொளுத்திவிட மாட்டோம்.

நம் ஊரில் பல வீடுகளின் ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். அடுத்தவர் கட்டிய வீட்டை போனில் பார்த்து மனம் வாடும் பெண்கள் உண்டு. வெறுங்கையோடு திரும்பியதால் ஜமாஅத்தில் தலைகாட்டக் கூசும் சகோதரர்கள் உண்டு. மதிப்பெண் குறைந்ததால் தன்னையே மட்டமாக நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. செல்வத்தில் நம்மைவிடக் கீழே உள்ளவரைப் பாருங்கள் என்பது நபிமொழியின் கருத்து. நிறம், உயரம், பிறந்த குடும்பம், கைவிட்டுப் போன வருடங்கள் எல்லாம் கத்ரில் உள்ளவை, பொருந்திக்கொள்வோம். நாக்கு, கோபம், கடன், தொழுகை நம் முயற்சியில் உள்ளவை, திருத்துவோம்.

இன்றிலிருந்தே செய்யக்கூடியவை:

1. ஒளு செய்யும்போது போனைத் தள்ளி வைத்து, கழுவும் ஒவ்வொரு உறுப்பையும் கவனியுங்கள்.

2. தொழுகையில் மனம் ஓடினால் திட்டாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். பத்து முறை ஓடினால் பத்து முறையும் திருப்புங்கள்.

3. இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்று கிடைத்த ஒரு நிஃமத்துக்கு ஷுக்ர், ஒரு தவறுக்கு இஸ்திக்ஃபார், நாளைக்கு ஒரு நிய்யத்.

4. பிள்ளைகளை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

தூக்கம், பசி கெட்டு, வாரக்கணக்கில் துக்கம் விலகாவிட்டால் அதை ஈமான் குறைவு என்று மறைக்க வேண்டாம். ஒளு கூடவில்லையோ என்று திரும்பத் திரும்பக் கழுவும் வஸ்வாஸும் முற்றினால் மருத்துவம் தேவைப்படும். மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபியவர்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அல்லது 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

தன்னை அறிந்து, தந்ததைப் பொருந்திக்கொண்டு, தவறைத் திருத்தும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.